செருப்புக் கடைக்குள் இறங்கிய இதய டாக்டர்

கம்பெனிக் காப்பீடு உள்ளவரின் நெஞ்சில் குழாயை வைத்தால் இதய டாக்டர் ஒரு சாண் மேலே எழும்புவார். அரசுக் காப்பீட்டு முதியவர் என்றால் அரைச் சாண் தரைக்குள் இறங்குவார். காப்பீடே இல்லாதவர் என்றால் ஒரே மூச்சில் முழங்கால் வரை. நெஞ்சு எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் துடித்தது, டாக்டருக்கு வந்து சேரும் தொகைதான் ஆளுக்கு ஆள் வேறு. தரையில் விரிசல் விழாததால் கட்டடத்துச் சொந்தக்காரர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஜவுளி வியாபாரியின் மகளான டாக்டரின் மனைவி முன்மேசையில் அமர்ந்து, இரண்டு முதியவருக்கு ஒரு கம்பெனி ஆள் என்று கலந்து உள்ளே அனுப்பி, புருஷனைப் பல ஆண்டுகள் தரைமட்டத்திலேயே வைத்திருந்தாள்.

பிறகு தொழிற்சாலை வேறு ஊருக்குப் போயிற்று. சம்பளக்காரர்களும் கூடவே போனார்கள். தெருவில் மிஞ்சியது அவர்களைப் பெற்றவர்களும் அந்தப் பெற்றவர்களின் இரத்த அழுத்தமும்தான். டாக்டர் இறங்கினவர் இறங்கினவர்தான். கிளினிக் மாடியில் இருந்ததால், கீழே செருப்புக் கடையின் கூரையிலிருந்து அவர் கால்கள் தொங்கலாயின. கடைக்காரர் இரண்டொரு நாள் முறைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கால்களுக்குப் புதுச் சரக்கை மாட்டிவிட்டார். விற்பனை சூடு பிடித்தது.

“தங்கச்சி, டாக்டரைக் கொஞ்சம் ஆடாம இருக்கச் சொல்லும்மா. வர்றவங்க தலையில மிதிக்கிறாரு.”

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் மார்பளவு போய்விட்டார்.

“என்னங்க, புது நகர்ப் பக்கம் போயிடலாம். அங்க பூரா கம்பெனி ஆளுங்க. இங்க காப்பீடு இல்லாதவர் இன்னும் ஒருத்தர் வந்தா நீங்க மொத்தமா முழுகிடுவீங்க.”

டாக்டர் சரியென்று தலையாட்டினார். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டிக்காரர் ஒருவர் வேர்த்து விறுவிறுத்துப் படியேறி வந்து, நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தார்.

“காப்பீடு இருக்கா?” என்றாள், பழக்க தோஷத்தில்.

“அது ஒண்ணுதாம்மா இல்ல. வலியெல்லாம் இருக்கு.”

வேண்டாம் என்ற சொல் அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. டாக்டர் முந்திக்கொண்டார்: “என்னைப் பார்த்துட்டு நிக்காதே. அவரை என் பக்கத்துல படுக்க வச்சுட்டு மாத்திரையை எடு.”

குழாய் பட்டதும் தரை அவரை விழுங்கியது. நோயாளியின் கையை அவர் விடாததால் இருவருமாகப் பஞ்சுபோல மிதந்து, செருப்புப் பெட்டிகளுக்கு நடுவே இறங்கினார்கள். மனைவி மாத்திரையோடு படியிறங்கி ஓடிவந்தபோது டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுக்காமல் வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். வண்டிக்காரர் பிழைத்தார்.

புது நகர்ப் பேச்சு அதோடு அடங்கியது. செருப்புக் கடைக்குப் புது நகரிலிருந்துகூட எல்லா வகை ஆளும் வருவார்கள் என்பதை வியாபாரி மகள் அங்கே நின்ற நிலையிலேயே கண்டுகொண்டாள். அவள் சொல்லிக் கொடுத்தபடி, கம்பெனி ஆள் யாராவது அளவு பார்க்க உட்கார்ந்தால் கடைக்காரர், “காலைக் காட்டினது போதும் சார், நெஞ்சையும் காட்டிட்டுப் போங்க. காப்பீடு சும்மாதானே கிடக்கு?” என்பார். டாக்டர் கீழே கடையிலேயே இருந்ததால் முதியவர்களுக்குப் படியேறும் வேலையும் மிச்சம்.

கம்பெனி ஆட்கள் அதிகமாக வரும் நாளில் டாக்டரின் தலை மாடித் தரையில் முளைக்கும். கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் மனைவி அதற்கு ஒரு வாய் காபி கொடுத்து, வாயைத் துடைத்து, உச்சந்தலையில் கை வைத்து, அடுத்த முதியவருக்காக மெல்லக் கீழே அழுத்திவிடுவாள்.