கடுதாசி டாக்டர் வாங்கிய டோக்கன்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், பதில் வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு டாக்டரம்மாவின் கதை சொல்கிறேன்.

தெருமுனையில் ஒற்றை அறையில் வைத்தியம் பார்ப்பவள் அவள். யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும், அவருடைய பழைய நோய்நொடியெல்லாம் எழுதிக் கொடுத்தனுப்புவாள். அங்கிருந்தவர்கள் அவளுக்குக் 'கடுதாசி டாக்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவளிடம் பல வருஷமாக வரும் தச்சருக்கு மூன்று வாரம் முன்பு அங்கே இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். அதில் ஒன்று, போன வருஷம் அவர் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசியவைத்த அதே மாத்திரை! கடிதத்தில் அவள் அடிக்கோடிட்டு எழுதியிருந்த விஷயம். இப்போது தச்சர் முகம் வெளிறிக் கிடந்தது. பரிசோதித்ததில் ரத்தமும் குறைந்திருந்தது. மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். தொடர்ந்தால் வயிறு கசியும். ஸ்டென்ட் வைத்த நிபுணரைக் கேட்காமல் மாத்திரையில் கைவைக்க முடியாது. போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. தச்சரைக் கையோடு அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"பழைய பேஷண்டுக்கு அடுத்த மாசம்தான் தேதி" என்றாள் கவுன்ட்டர் பெண்.

"நான் டாக்டர்மா. பெரிய டாக்டரோட ரெண்டு நிமிஷம் பேசணும்."

"அதுக்கெல்லாம் டோக்கன் கிடையாது மேடம். புது பேஷண்டுக்கு மட்டும்தான் இன்னைக்கு."

"அப்ப என் பேரைப் போடு."

"உங்களுக்கு என்ன தொந்தரவு?"

"நெஞ்செரிச்சல்னு எழுதிக்கோ. பொய்யில்ல."

பெஞ்சில் தச்சர் நெளிந்தார். "என்னால நீங்க வரிசையில உட்காரும்படி ஆயிடுச்சே, டாக்டரம்மா."

"சும்மா சாஞ்சு உட்காருங்கண்ணே. எனக்கும் ஒருநாள் கால் நீட்ட வேணாமா?"

உள்ளே போனதும் நிபுணர் தலைநிமிராமலே கேட்டார். "எத்தனை நாளா எரிச்சல்?"

"உங்களுக்குக் கடிதம் எழுதின நாளா."

அவர் நிமிர்ந்தார். அவள் தச்சரை முன்னால் உட்காரவைத்து, பரிசோதனைத் தாளை நீட்டினாள். நர்ஸ் ஃபைலைப் புரட்டினாள். கடைசியில், மடிப்புகூடப் பிரிக்காமல், ஸ்டேப்ளர் அடித்துக் கிடந்தது கடிதம். படித்தவரின் முகம் மாறியது.

"இது என் கண்ணுல படலையே."

"பிரிச்சாத்தானே சார் படும்?"

"சரி, இப்பவே அட்மிட் பண்றேன். அந்த மாத்திரைய மாத்தி, வயித்துக்கும் பார்க்கறோம். நீங்க கிளம்பலாம்."

அவள் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எனக்குப் பதில் எழுதிக் குடுங்க."

"கம்ப்யூட்டர்ல வரும்மா."

"இதுவரைக்கும் வந்ததில்ல. நாளைக்கு வீடு திரும்பி இவர் என்கிட்டதானே வருவார்?"

"வெளியில நாப்பது பேர் நிக்கறாங்க!"

"அவங்களையும் யாரோ ஒரு டாக்டர்தான் அனுப்பியிருப்பாங்க. அந்தக் கடிதங்களையும் பிரிச்சிடுங்க."

நர்ஸ் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நிபுணர் விறுவிறுவென்று இரண்டு வரி எழுதி நீட்டினார். அவள் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள்.

"என்ன மாத்தினீங்கன்னு இருக்கு. ஏன்னு இல்லையே?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் அசையவில்லை. பேனா மறுபடி நகர்ந்தது; இம்முறை பக்கம் நிறைந்தது.

அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தச்சரைப் படுக்கைவரை தானே கொண்டுபோய் விட்டாள் மகராசி.

உங்கள் வீட்டில் யாரும் நோயில் படுக்காமல் நன்றாக இருங்கள், கண்ணுகளா. அப்படியே ஒரு நோவு வந்தாலும், உங்களுக்காக உட்கார்ந்து வாதாட ஒருத்தி வாய்க்கட்டும்.