முகம் பார்க்காதவன்

காலை எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரியின் பச்சைக்குழந்தை வார்டில் நான்காவது வார்மர் அணைந்துபோனபோது, பெரிய சிஸ்டர் வீட்டுக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய முறை எட்டு மணிக்கே முடிந்துவிட்டது. அடுத்து வரவேண்டிய நர்ஸை, ஆய்வுக்கு யாரோ வருகிறார்கள் என்று கீழே பதிவேடுகளைச் சரிபார்க்க உட்கார வைத்துவிட்டார்கள். ஆயாம்மா வார்டு வாசலில் நின்று, "சிஸ்டர், பொடியோட வெளக்கு போயிருச்சு" என்று சொன்னாள். கத்தவில்லை. அந்த வார்டில் யாரும் கத்துவதில்லை, கத்தும் தெம்புள்ள குழந்தைகள்கூட அங்கே குறைவு. பெரிய சிஸ்டர் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

மேலிருந்து சூடு கொடுக்கும் கம்பிகளும் கீழே ஒரு சின்ன மெத்தையுமாக நான்கு வார்மர்கள், நான்கு குழந்தைகள். மஞ்சள்காமாலையோடு நீல விளக்குக்கு அடியில் கிடந்தவனுக்கு மூன்றரை கிலோ. ஆயாம்மா வைத்த பெயர் பயில்வான். பிறந்தவுடன் அழாமல் போனது ஒன்று, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. வலிப்பு வந்து வேறு ஊரிலிருந்து கொண்டுவந்தது ஒன்று. நான்காவது, எட்டாம் மாதம் தொடங்குமுன் பிறந்துவிட்ட பொடி. பெண் குழந்தை. பிறந்து நான்கு நாள், ஆயிரத்து இருநூறு கிராம். தோல் அத்தனை மெல்லிசு, உள்ளே ஓடுகிற நரம்பெல்லாம் நீலக்கோடு போட்டதுபோலத் தெரியும்.

பெரிய சிஸ்டர் பொடியின் வார்மர் ஸ்விட்சை நாலு தடவை தட்டிப் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு அடியும் கொடுத்துப் பார்த்தாள். போன மாதம் அந்த வைத்தியம் பலித்தது. இன்று இல்லை. பொடியின் காலைத் தொட்டபோது அதற்குள் ஜில்லிட்டிருந்தது. கையைக் கழுவிவிட்டு அதைத் தூக்கி, பயில்வானுக்குப் பக்கத்தில் நடுவே ஒரு துண்டைச் சுருட்டி வைத்துப் படுக்க வைத்தாள். நீல விளக்கு பட்டுவிடாமல் ஓர் அட்டையைச் சாய்த்து வைத்தாள். இது தப்பு என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு அவளே கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறாள்: ஒரு குழந்தைக்கு ஒரு படுக்கை, ஒன்றின் கிருமி இன்னொன்றுக்குப் போகக்கூடாது. எழுதிப்போட்டது சுவரில் இன்னும் இருந்தது.

பெரிய டாக்டர் பத்து மணிக்கு வந்தார். ஒரு மெத்தையில் இரண்டு தலைகளைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

"பதினோரு மணிக்கு ஆய்வுக்காரங்க இங்க இருப்பாங்க சிஸ்டர்."

"தெரியும் டாக்டர். மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கேன். அடுத்த வாரம்தான் வருவாராம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆக்சிஜன் தீர்ந்த ஒரு நாளில் சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு மாடியேறியவர். "இந்த ஆய்வுல மார்க் நல்லா வந்தாதான் ரெண்டு புது வார்மர் தருவாங்க. கம்மியா வந்தா வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடும். ஒரு மணி நேரந்தான். சின்னத அம்மாகிட்ட குடுத்துடுங்க."

இல்லாதவனுக்குத்தானே கொடுக்கவேண்டும், இருப்பதாகக் காட்டினால்தான் கொடுப்பேன் என்பது என்ன நியாயம் என்று கேட்க நினைத்தாள். இருபத்திரண்டு வருஷ வேலையில் அப்படிக் கேட்க நினைத்ததையெல்லாம் சேர்த்தால் ஒரு பதிவேடு நிறையும். மென்று விழுங்கினாள். "அம்மாக்குக் காய்ச்சல் டாக்டர். ஆபரேஷன் பண்ண எடத்துல சீழ். எழுந்து உக்காரவே முடியல."

"அப்ப வேற யாராவது இருப்பாங்கல்ல?"

இருந்தான். பொடியின் அப்பன் நான்கு நாளாக வராந்தாக் கடைசியில், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் லாரி ஓட்டுபவன். சீட்டு எழுதிக் கொடுத்தால் ஓடிப்போய் மருந்து வாங்கி வருவான், ரத்தம் வேண்டும் என்றால் கையை நீட்டுவான், மனைவிக்கு வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுபோய் ஊட்டுவான். குழந்தையைப் பார்க்க வா என்றால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வான். இவனுக்கு என்ன கல் மனசு என்று ஆயாம்மா திட்டிக்கொண்டே இருந்தாள்.

பெரிய சிஸ்டர் அவன் முன்னால் போய் நின்றாள். முட்டிவலி, குனிய முடியவில்லை. "தம்பி, எந்திரிங்க. கொழந்தையக் கொஞ்ச நேரம் வச்சிருக்கணும்."

"எதுக்கும்மா? மருந்து ஏதாச்சும் வேணுமா?"

"மருந்து வேணாம். சூடு வேணும். மெஷின் கெட்டுப்போச்சு. ஒங்க நெஞ்சுச் சூடு போதும்."

அவன் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இதுக்கு முன்னாடி ரெண்டு போயிருச்சு சிஸ்டர். ஒண்ணு ரெண்டு நாள், ஒண்ணு ஒம்பது நாள். ரெண்டையும் பாத்தேன். மூஞ்சியப் பாத்துட்டா மறக்க முடியல. லாரி ஓட்டிட்டு இருப்பேன், கண்ணாடிக்கு முன்னால வந்து நிக்கும். இது பொழச்சு வரட்டும், அப்பறம் பாத்துக்கறேன்."

பிழைத்துவிடும் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. சொல்லிப் பொய்யாய்ப் போன முகங்கள் அவளுக்கும் உண்டு. அதோடு, தான் இப்போது அவனைக் கூப்பிடுவது குழந்தைக்காகவா மார்க்குக்காகவா என்பதும் உள்ளே உறுத்தியது. "மூஞ்சியப் பாக்க வேணாம்" என்றாள் கடைசியில். "சொவத்தப் பாத்துக்கிட்டு உக்காருங்க. சட்டைய மட்டும் கழட்டிட்டு, நல்லாக் கை கழுவிட்டு வாங்க."

வார்டை ஒட்டித் துணிகள் அடுக்கி வைக்கும் சின்ன அறை. அங்கே ஒரு நாற்காலியைச் சாய்த்துப் போட்டு அவனை உட்கார வைத்தாள். பொடிக்குத் தொப்பியும் காலுறையும் போட்டு, வெறும் உடம்போடு அவன் நெஞ்சின் நடுவில் தவளை மாதிரி படுக்க வைத்து, ஒரு துண்டால் இருவரையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினாள். மூக்கு அமுங்காமல் தலையைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டாள். அவன் மூச்சையே விடவில்லை. "மூச்சு விடுங்க தம்பி, ஒங்க மூச்சப் பாத்துதான் அதுவும் விடும்" என்றாள். அவன் எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே மெல்ல மூச்சை விட்டான். தண்ணீர்க் குழாயைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அவன் கை, எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. அதைப் பிடித்துக் குழந்தையின் முதுகின்மேல் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

பதினோரு மணிக்கு ஓர் அம்மாளும் உடன் இரண்டு பேரும் வந்தார்கள். அம்மாளின் கையில் அட்டையில் செருகிய படிவம். கைகழுவும் இடத்தில் சோப்பு உண்டா, உண்டு. தாய்ப்பால் விவரம் எழுதப்படுகிறதா, படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். "ஒரு வார்மருக்கு ஒரு குழந்தைதானே?" என்று கேட்டு, பதிலை எதிர்பார்க்காமல் குழந்தைகள் கிடந்த மூன்று வார்மர்களையும் பார்த்துவிட்டு அதற்கும் ஒரு டிக் போட்டார். பெரிய டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது துணியறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "சிஸ்டர்." ஒரு நொடி கழித்து, உடைந்துபோய், "சிஸ்டர், நெறம் மாறுது."

பெரிய டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மடங்காத முட்டியோடு எப்படி ஓடினாளோ, கதவு சுவரில் மோதித் திறந்தது. பொடியின் உதடு கருநீலமாகியிருந்தது, மூச்சு இல்லை. கட்டைத் தளர்த்தி முதுகை நீவினாள். உள்ளங்காலைச் சுண்டினாள். ஒன்றுமில்லை. ஆயாம்மா காற்றடிக்கும் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நின்றாள். மறுபடி சுண்டினாள். சின்ன மார்பு ஒருமுறை எக்கியது, நின்றது, பிறகு மழைக்கால மோட்டார்போல இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டது. உதட்டில் மெல்லச் சிவப்பு ஊறியது. பூனைக்குட்டிக் குரலில் ஓர் அழுகை.

வாசலில் எல்லாரும் நின்றிருந்தார்கள். "இது யாரு?" என்றார் அந்த அம்மாள்.

"நாலாவது கொழந்தை மேடம்" என்றாள் பெரிய சிஸ்டர். தளர்த்திய துண்டை மறுபடி இறுக்கிக் கட்டினாள். "வார்மர் கெட்டுப்போச்சு. காலைல ஒரே மெத்தைல ரெண்டப் போட்டிருந்தேன். நீங்க வர்றீங்கன்னு இங்க கொண்டாந்தோம்."

அந்த அம்மாள் படிவத்தைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். "டிக் போட்டுட்டேனே" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதோ எழுதினார். புது வார்மர் தரச்சொல்லியா, டாக்டர்மேல் புகாராகவா, அவள் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. போகும்போது பெரிய டாக்டர், "அப்பறம் பேசுவோம் சிஸ்டர்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவரும் களைத்துப்போயிருந்தார்.

அவள் குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். காலையில் பயில்வான் பக்கத்தில் கிடந்தபோது இருந்ததைவிட ஒரு டிகிரி கூடியிருந்தது. "சூடு நல்லா ஏறியிருக்கு" என்றாள். "நெறம் மாறுனது எப்படித் தெரிஞ்சுது தம்பி? சொவத்தத்தானே பாத்துட்டிருந்தீங்க?"

அவனுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் கை ஒழியவில்லை. "இது மறுபடியும் நிக்குமா?"

"நிக்கலாம். இன்னும் ரெண்டு மூணு வாரம் அப்படித்தான். கூடவே பாத்துட்டிருக்கணும்."

"நீங்க வீட்டுக்குப் போகணும்னு சொன்னாங்க."

"அடுத்த சிஸ்டர் வருவாங்க. பக்கத்துலயே இருப்பாங்க, ஆயாம்மாவும் இருக்காங்க." ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறைந்தால் சத்தம் போடும் கருவியைத் தேடிக் கொண்டுவந்து குழந்தையின் பாதத்தில் மாட்டினாள். ஆக்சிஜன் குழந்தைக்கும் இதற்குமாக அந்த ஒன்றுதான் மாறி மாறி வேலை செய்துகொண்டிருந்தது.

வராந்தாவில் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிரசவ அறையிலிருந்து வரும் வண்டி. ஆயாம்மா எட்டிப் பார்த்துவிட்டு இவளைப் பார்த்தாள், வருகிற குழந்தையை எங்கே போடுவது என்று கேட்பவள்போல. பெரிய சிஸ்டர் நிலைப்படியைப் பிடித்தபடி நின்றாள். அறைக்குள்ளே அவன் தாடையை மார்பில் புதைத்து, கண் இமைக்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு ஏறும்போது தொப்பி போட்ட அந்தச் சின்னத் தலை ஏறியது, இறங்கும்போது இறங்கியது. வண்டிச் சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது.