வீட்டில் வக்கீல் இல்லாதோர் சங்கம்

எங்கள் சட்டக் கல்லூரியில் இரண்டு வகை மாணவர்கள். மாமாவோ சித்தப்பாவோ வக்கீலாக இருப்பவர்கள் ஒரு வகை. மீதி ஏழு பேர் நாங்கள்.

எங்களைக் கைதூக்கிவிட கல்லூரியே ஒரு சங்கம் வைத்துக் கொடுத்திருந்தது. ஜெராக்ஸ் அறையை ஒட்டி ஓர் அறை, எட்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. பலகையில் நீளமாக ஏதோ பெயர் இருந்தது. எல்லோர் வாயிலும் அது 'வீட்டில் வக்கீல் இல்லாதோர் சங்கம்'.

இரண்டாம் ஆண்டுக்குப் போவதற்குள் ஒரு மாதம் வக்கீல் அலுவலகத்தில் பயிற்சி முடிக்க வேண்டும். மாமா உள்ளவர்கள் முதல் வாரமே இடம் பிடித்துவிட்டார்கள். நான் வேதியியல் படித்துவிட்டு வந்தவள். ஒரு வக்கீலிடமும் நேரில் பேசியதில்லை.

கல்லூரி வேலைவாய்ப்பு மைய அக்கா ஒரு முகவரி தந்தார்.

"குடும்ப வழக்கு பாக்கற மேடம். ஒருத்தருக்குத்தான் இடம். போன் பண்ணிக் கேளு."

"போன்லயாக்கா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "சரி, கடிதம் எழுது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள என் மேசைக்கு வரணும். இதை விட்டா வேற இடம் இல்ல."

எழுதினேன். நோக்கம், தேவையானவை, செய்முறை, எதிர்பார்க்கும் முடிவு என நான்கு தலைப்பு. ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதிப் பழகியதால் எனக்கு அப்படித்தான் எழுத வரும். சங்கத்தில் காட்டினேன்.

"உன்னை எத்தனை நிமிஷம் சூடு பண்ணணும்னு மட்டும் போடல," என்றாள் தோழி.

கடைசி ஆண்டு அண்ணன் ஒருவர் இருந்தார். எதற்கும் கையைத் தூக்குவதால் அவர் பெயரே ஆட்சேபணை. "கொடும்மா இங்க. இதெல்லாம் முறையா எழுதணும்," என்று தாளைப் பிடுங்கினார்.

முறையாக எழுத அவருக்குத் தெரிந்தது வக்கீல் நோட்டீஸ் ஒன்றுதான். எழுதி முடித்து, எழுந்து நின்று படித்தார்.

"இதனால் தங்களுக்கு அறிவிப்பது யாதெனில், எனது கட்சிக்காரர் முதல் வகுப்புப் பட்டமும் கூச்ச சுபாவமும் உடையவர். தாங்கள் இதுநாள்வரை பயிற்சி அளிக்காததால் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளார். பதினைந்து நாட்களுக்குள் மேற்படி பயிற்சியை அளிக்கத் தவறினால் தங்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். அன்புடன்."

"அன்புடன் எதுக்குண்ணா?" என்றாள் தோழி.

"கேக்கறது நாமதானே. கொஞ்சம் பணிவு வேணாமா?"

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நல்லா இருக்குண்ணா" என்று வந்தது. வெள்ளிக்கிழமை, மணி மூன்று ஐம்பது. கையெழுத்துப் போட்டேன். அவரே ஓடிப்போய்க் கொடுத்தார். அக்கா முன்னால் நாற்பது உறைகள் குவிந்திருந்தன. படிக்காமலே ஒட்டி அனுப்பிவிட்டார்.

எட்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் பதிவுத் தபாலில் பதில் வந்தது. அக்காவே சங்கத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். "அடிப்பாவி, அப்படி என்னத்தடி அனுப்பின?"

நான் உறையைப் பிரிக்காமலே நீட்டினேன். தோழி வாங்கிப் படித்தாள்.

"பதில் நோட்டீஸ். பத்தி ஒன்று: கட்சிக்காரரும் கையெழுத்திட்டவரும் ஒரே ஆள் என்பது கவனிக்கப்பட்டது. பத்தி இரண்டு: கூச்ச சுபாவம் முற்றிலும் மறுக்கப்படுகிறது. கூச்சம் உள்ளவர் இப்படி எழுதமாட்டார். பத்தி மூன்று: மன உளைச்சல் இங்கேயும் உண்டு. சிரித்த சிரிப்பில் குமாஸ்தா என் கேஸ் கட்டின் மேல் டீயைக் கொட்டிவிட்டார். பத்தி நான்கு: திங்கள் காலை பத்து மணிக்கு நேரில் ஆஜராகவும். தவறினால் இடம் வேறொருவருக்கு."

அண்ணன் கையைத் தூக்கினார். "பத்தி ரெண்டுக்கு ஒரு மறுப்பு அனுப்பியே ஆகணும்."

ஆறு பேரும் சேர்ந்து அவர் பேனாவைப் பிடுங்கினோம்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பத்துக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மேடம் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"நோட்டீஸ் விட்டது நீதானா?"

தலையாட்டினேன்.

"இங்க வர்றவங்க அழுதுகிட்டே சொல்வாங்க. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் ஆகும். நடுவுல பேசாம கேட்டு எழுதிக்கணும். போன மாசம் வந்த பையன் அவங்களுக்கே புத்தி சொன்னான். உனக்குப் பேசாம இருக்க வருமா?"

பதில் சொல்ல நினைத்தேன். வார்த்தை வரவில்லை. ஒரு நிமிடம் அப்படியே போனது.

மேடம் குமாஸ்தாவைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்கு ஒரு நாற்காலி போடுங்க."