அமினோ டப்பாவில் துளசி

புரட்டாசி பிறந்ததுமே பச்சியப்பன் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மாறிவிட்டார். மனைவி காசியம்மாளின் இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் விரதம் இருப்பதாகப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டது; அவள் தேறிவிட்டாள். கறியும் முட்டையும் அந்த மாதம் மாரண்டஹள்ளியில் பல வீடுகளுக்குள் வராது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எதிலும் அளவோடு நிற்கிற ஆள் இல்லை அவர்.

இரண்டாவது வாரமே தக்காளி பறிக்கையில் கண் இருட்டி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மகள் யுவராணிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. கூட வேலை செய்பவர்கள் வாயைத் திறந்தால் ஜிம், புரோட்டீன்தான். வீட்டில் மொச்சையும் கடலையும் மூட்டையாகக் கிடந்தன. அவள் மருந்துக்கடைக்குப் போய் ஒரு டப்பா அமினோ ஆசிட் கேப்சூல் வாங்கி வந்தாள்.

“சத்து மாத்திரைங்கப்பா. வெரதத்துக்கு ஒண்ணும் ஆவாது.”

“நீ குடுத்தாச் செரிம்மா.”

மகள் கையால் கொடுப்பதை என்ன ஏது என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

மாத்திரையாலோ, வெயிலில் வேலையைக் குறைத்ததாலோ, தலைசுற்றல் நின்றது. கடைசிச் சனிக்கிழமை டப்பா காலி. நல்ல டப்பாவைத் தூக்கிப் போடும் வீடா அது? சாமி மாடத்தில் துளசி போட்டுவைக்கலாமென்று பச்சியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டிக்கரை உரிக்க உட்கார்ந்தார். மூலையில் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம். அசைவக் குறி.

புரட்டாசியில் பிஸ்கட் பாக்கெட்டில்கூடப் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க மகளைப் பழக்கியதே அவர்தான். பிஸ்கட்டில் பார்ப்பாள். மருந்துக்கடைச் சாமானில் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. கேப்சூலின் மேல்கூட்டை மாட்டெலும்பிலிருந்தும் செய்வார்களென்று போனில் படித்தபோது அழுதுவிட்டாள்.

“தெரியாமப் பண்ணிட்டேங்கப்பா.”

“வேணும்னா பண்ணுவ? வுடும்மா. ஐப்பசியில மொதல்லேர்ந்து வெரதம் இருந்துக்கறேன்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஐப்பசி முதல் நாள் மொச்சையை வேகவைத்து, தாளித்து, கிண்ணத்தில் போட்டு நீட்டினாள். பச்சியப்பன் வாங்கினார். வாயில் போடுமுன் கிண்ணத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். எவர்சில்வர் கிண்ணம். காசியம்மாளின் பெயர் வெட்டியிருந்தது, வேறொன்றும் இல்லை.

மகள் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

“பழக்கதோசம்மா,” என்றார்.

மகள் கொடுப்பதில் அப்படியொரு பழக்கம் அவருக்கு இருந்ததே இல்லை.