ஒரு மணி நேரத்துக்குப் பிறகு

தம்பி அநாதை இல்லத்தை விட்டு ஒரேயடியாக வெளியே வந்த ஞாயிறன்று, அக்கா தன் ஒற்றை அறையைத் திரும்பத் திரும்பப் பெருக்கினாள். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்கியிருந்தாள். பார்க்க வருகிறேன் என்று மட்டும்தான் அவன் போனில் சொல்லியிருந்தான். தன்னோடு தங்குவானா, கூட வெளிவந்த பையன்களோடு போய்விடுவானா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அம்மா இறந்துபோன பிறகு இருவரும் வளர்ந்தது ஒரே இல்லத்தில்தான். ஆனால் பெண்களுக்கு ஒரு கட்டடம், ஆண்களுக்கு ஒரு கட்டடம். ஞாயிறுதோறும் பார்வையாளர் அறையில் ஒரு மணி நேரம் பேசலாம். அவள் வேலைக்குப் போன பிறகும் அதே மேஜை, அதே ஒரு மணி நேரம். மணி அடிப்பதற்குள் வாரத்தையே கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

அன்றும் அவள் அறைக்கு வந்து உட்கார்ந்த வேகத்தில் ஆரம்பித்தான். இல்லத்துச் சமையல்காரருக்குப் பல் செட் பொருந்தாத கதை, காவலாளியின் குறட்டை, எல்லாம் வந்தது.

"கன்னம் உப்பிருச்சேக்கா. விக்கிற ரொட்டிய எல்லாம் நீயே தின்னுடுறியா?"

"மீசை வந்தும் உனக்கு வாய் அடங்கல பாரு."

பேசிக்கொண்டே இருந்தவன் சட்டென்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். அவளும் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தாள்.

"வரேன்கா."

"பத்திரம்டா. அடுத்த வாரம் பாக்கலாம்."

சொன்ன பிறகுதான் இருவரும் திகைத்தார்கள். மணி எதுவும் அடிக்கவில்லை. அடிக்க இங்கே ஆளும் இல்லை.

"எங்கடா கெளம்பிட்ட?"

"தெரியலக்கா. காலு தானா எந்திரிச்சிருச்சு." அவன் தரையைப் பார்த்தான். "இருக்கவா?"

"இரு" என்றாள். கதவைச் சாத்தினாள்.

திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். பேச எதுவும் மிச்சமில்லை. இந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவன் என்ன செய்வான் என்பதே அவளுக்குத் தெரியாது. அவன் கொட்டாவி விட்டான். பாயில் சாய்ந்தான். கண் சொருகியது.

தம்பி தூங்கி அவள் பார்த்ததே இல்லை, கைக்குழந்தையாக அம்மா மடியில் கிடந்ததைத் தவிர. வலது கையைக் கன்னத்துக்கு அடியில் மடித்து, ஒரு காலை மட்டும் நீட்டியிருந்தான். அம்மா அப்படித்தான் படுப்பாள். அம்மா முகமே நினைவில்லாதவனுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?

தாகமாக இருந்தது. குழாயைத் திறந்தால் சத்தம் வரும். அவள் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.