இழுக்கப்படாத கயிறு

யாஹாகி ஆற்றின்மேல் படர்ந்திருந்த மூடுபனி மெல்லக் கலைய, கரையோரச் சீமைப்பனிச்சை மரங்களின் கனிகள் விளக்கேற்றினாற்போல் சிவந்து தோன்றிய இலையுதிர்காலக் காலையில், மகிழுந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஊர்ந்து உருப்பெறும் அந்நெடுங்கூடம் விழித்தெழுந்தது. பழுது கண்டவர் எவராயினும் தலைக்குமேல் தொங்கும் வெண்கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம். நிறுத்தியவருக்கு மேற்பார்வையாளர் நன்றி சொல்வதே அங்கு முறை.

வண்டிக்குக் கதவு பொருத்துமிடத்தில் பதினாறு ஆண்டு நின்ற முரோயின் கண்கள் எதிரே நின்ற செரிசாவாவைச் சுட்டுக்கொண்டிருந்தன. வந்து எட்டுத் திங்களே ஆன அப்பெண், திருகாணிக்காகக் குனிந்து குனிந்து இடுப்பொடியாதிருக்க, கதவு விளிம்பிலேயே கொக்கியிட்டு மாட்டும் சிறு திருகாணித் தட்டொன்றைச் செய்திருந்தாள். மேற்பார்வையாளர் ஒனோதேரா உடனே இசைந்தார். அதே தட்டை முரோய் பதினோராண்டுக்கு முன்பே தாளில் வரைந்து கொடுத்திருந்தான். அந்நாளைய மேற்பார்வையாளர் அத்தாளின்மேல் தம் தேநீர்க் கோப்பையை வைத்தார். அதன்பின் முரோய் ஒரு கோடும் வரையவில்லை.

"என்ன முரோய்சான், உப்புல ஊறின புளிப்பு உமேபழத்தக் கடிச்ச மாதிரி மூஞ்சி? மொறச்சா ஆணி தானா ஏறிடுமா?" என்றாள் செரிசாவா.

"உன் தட்டுதான் ஏத்துமே தாயீ! நாங்கல்லாம் கெழடு."

ஏழாம் வண்டியில் கொக்கி வழுக்கி, கதவின் உள்விளிம்பில் மயிரிழைபோல் கீறல் விழுந்தது. அவள் பக்கத்திலிருந்து அது தெரியாது, முரோய்க்குத் தெரிந்தது. கை உயர்ந்தது. கயிற்றைத் தொடாமலே தாழ்ந்தது. ஊரே பார்க்கட்டும் என்று உள்ளம் இனித்தது.

நண்பகலில், இறுதிச் சோதனையில் கீறல் சிக்கியபோது முப்பத்தொரு கதவுகள் கெட்டிருந்தன. செரிசாவா தலைதாழ்ந்து நின்றாள்.

"தட்ட மாட்டி ஓட்டச் சொன்னது நான்" என்றார் ஒனோதேரா. "கொக்கிக்குத் துணி சுத்தி நாளைக்கு மறுபடி பாப்போம்." பிறகு திரும்பினார். "உங்களுக்குத் தெரியலயா, முரோய்சான்?"

"தெரிஞ்சுது."

"எப்போ?"

"ஏழாவது வண்டியில."

ஒனோதேரா கெட்ட கதவின் கீறலை விரலால் தடவினார். "புதுப்பொண்ணோட தட்ட ஓடுற வரிசையிலயா வெக்கிறதுன்னு மேல கேட்டாங்க. முரோய் எதிர்ல வெக்கிறேன், மொதக் கீறல்லயே நிறுத்திடுவாருன்னு நான்தான் சொன்னேன்."

அவர் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் தட்டு அடுத்த வரிசைக்குப் போயிற்று, செரிசாவாவும் போனாள். அங்கே மூன்றாம் வண்டியிலேயே எவனோ கயிற்றை இழுத்தான். ஒனோதேரா நன்றி சொல்லும் குரல் கூடத்தைக் கடந்து முரோயின் செவிவரை வந்தது. அயலான் கிண்ணத்தையே நோக்கிப் புழுங்குபவன், தன் கிண்ணமும் நிறைந்திருந்ததை அது கவிழ்ந்தபின்பே காண்கிறான்.