முதுகு பதிந்த அச்சு

"ஓரத்தைப் பிடிக்காதீங்க, உதிர்ந்துடும். அடியில கை கொடுங்க."

அவள் சொன்னபடி நான்கு பேர் சேர்ந்து அந்த பிளாஸ்டர் அச்சைத் தம்பியின் சவப்பெட்டிக்குள் இறக்கினார்கள். வைக்க வேறெதுவும் இல்லை. பூமிக்குத் திரும்பும் வழியில் விண்கலம் வானத்திலேயே சிதறிப் பதினொரு நாள் ஆகிறது. போன மூவரில் ஒருவருடைய நகம்கூடக் கிடைக்கவில்லை.

விண்கலத்துக்கு இருக்கை செய்வது அவள் வேலை. பயணியைத் தொட்டியில் படுக்கவைத்து, முதுகைச் சுற்றி பிளாஸ்டர் ஊற்றி, அதில் பதியும் வடிவத்துக்கு இருக்கை அமைப்பாள். ஆள் திரும்பி வந்ததும் அச்சை உடைத்துவிடுவார்கள். இந்த மூன்றை உடைக்க யாருக்கும் கை வரவில்லை. அடுத்த குழுவுக்கு அலமாரியில் இடம் வேண்டும் என்று மேலதிகாரி நேற்று மென்று விழுங்கிச் சொன்னபோதுதான், தம்பியுடையதை வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

அப்பா அச்சின் குழிவைத் தடவிக்கொண்டே வந்தார். தோள்பட்டை பதிந்த இடத்தில் விரல் நின்றது.

"இங்க என்னம்மா மடிப்பு?"

"சிரிச்சிட்டான்பா. அசையாதடா அசையாதடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். சில்லுனு இருக்கு, கூசுதுன்னான்."

"திரும்ப எடுக்கலியா?"

"எடுத்திருக்கணும். நேரமில்லன்னு, இருக்கையில மட்டும் அந்த இடத்தைத் தேய்ச்சு சரி பண்ணிட்டேன்."

இதுதான் பதினொரு நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. வெப்பக் கவசத்தில் விரிசல், இருக்கைக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று விசாரணைக் குழு சொல்லிவிட்டது. அவள் மனசு கேட்டால்தானே! இன்று மூன்று மணிக்கு அடுத்த பயணிக்கு அச்சு எடுக்க வேண்டும். வேறு ஆளை வைத்துக்கொள்ளட்டுமா என்று மேலதிகாரி கேட்டதற்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உட்கார்ந்தப்ப அவனுக்கு உறுத்துச்சாம்மா?"

"இல்லப்பா. மெத்தை மாதிரி இருக்கு, தூக்கம் தூக்கமா வருதுக்கான்னான்."

பெட்டியை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் அப்பா கேட்டார்.

"இன்னிக்கு யாருக்கு எடுக்கணும்?"

"ஒரு பொண்ணுக்கு. அவன் வயசுதான்."

"அப்ப போ. அந்தப் புள்ளைய காக்க வைக்காத."

மூன்று மணிக்கு அந்தப் பெண் தொட்டியில் விறைப்பாகப் படுத்திருந்தாள். தம்பியை இழந்தவளின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குத் தயக்கமாக இருந்தது. பிளாஸ்டர் தோளைத் தொட்டதும் கூச்சத்தில் உடம்பைக் குலுக்கிச் சிரித்துவிட்டாள்.

"ஐயோ, அசைஞ்சிட்டேன்க்கா! மன்னிச்சிருங்க. பரவாயில்லையா? அப்புறம் சரி பண்ணிக்கலாமா?"

அக்காவின் கண்ணை நீர் மறைத்தது. புறங்கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் பிளாஸ்டர் ஆனது.

"எழுந்திரும்மா," என்றாள். "முதல்லேருந்து எடுப்போம்."

தொட்டியைச் சுரண்டிக் கழுவிவிட்டு, வாளியில் புதிதாகத் தண்ணீர் பிடித்தாள்.